ரப்பர் மில்லுக்கு இந்தப் பக்கம்

ரப்பர் மில் ஓட்டுகிறவன் என்று சொன்னால் எதிரில் நிற்பவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை, விரலைத்தான் எண்ணுகிறார். ஒன்றையொன்று பார்த்து உள்நோக்கிச் சுற்றும் இரண்டு இரும்பு ரோல்கள், இடுக்கில் மாட்டிய விரல் திரும்பி வராது. நடுவில் ரப்பரைப் போட்டு, கார்பன் பொடியும் மற்ற ரசாயன மருந்துகளும் தூவி, கத்தியால் அறுத்து மடித்து மடித்துக் கலப்பது என் வேலை. தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவே ஒரு சின்ன கம்பெனி. என்னைப் போல மெஷினோடு குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது. ஆறுதலுக்காவது படியுங்கள்.

கைரேகை

ஆய்க்குடிக்குப் பெண் பார்க்கப் போனோம். காபி குடித்து முடித்ததும் பெண்ணின் தாய்மாமா, "எனக்குக் கொஞ்சம் ரேகை பாக்கத் தெரியும், கையைக் காட்டுங்க" என்றார். வலது கையைக் காட்டினேன். இடதையும் கேட்டார். ரேகைப் பக்கம் அவர் கண்ணே போகவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பித் தலையாட்டினார்.

கல்யாணம் முடிந்து முதல் நாள் வேலைக்குக் கிளம்பும்போது, சாப்பாட்டுத் தூக்கை நீட்டிக்கொண்டே என் மனைவி சொன்னாள்: "பத்தும் இருக்குன்னு மாமா சொன்ன பொறவுதான் சம்மதிச்சேன். சாயங்காலமும் பத்தோட வாங்க."

பரோட்டா மாஸ்டர்

குற்றாலத்தில் சீசன் முடிந்து கடையை அடைத்ததும் எங்களிடம் வேலைக்கு வந்தவர் சண்முகையா. என் வயதுதான். இருபது வருஷமாகப் பரோட்டா மாஸ்டர். ரோலில் ரப்பர் பட்டையாகச் சுற்றி வருவதைப் பார்த்ததும் அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை, உள்ளங்கையை விரித்து ஓங்கித் தட்டப் போனார். மெஷினை நிறுத்திவிட்டு ஒரு பாடம் நடத்தினேன். விரலை விரிக்கக் கூடாது, முஷ்டியை மடக்கித்தான் தள்ள வேண்டும், ரோலின் மேல்பக்கத்துக்குக் கையே போகக் கூடாது. மோதிரம், வாட்ச், எதுவும் ஆகாது.

எல்லாவற்றுக்கும் சரி என்றவர், மணிக்கட்டில் இருந்த கோயில் கயிற்றை மட்டும் கழற்ற மாட்டேன் என்றார். அவர் மனைவி முருகன் சன்னிதியில் கட்டிவிட்டதாம். நானும் விடவில்லை. கடைசியில் வீட்டுக்கு போன் போட்டு, "நீங்களே கேளுங்க" என்று என்னிடம் நீட்டினார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டு அந்த அம்மா நிதானமாகச் சொன்னார்: "முருகனுக்கு எங்கன இருந்தா என்ன அண்ணாச்சி, அவுத்து அரைஞாண்ல கட்டிக்கிடச் சொல்லுங்க."

இரண்டு தடவை போட்ட மருந்து

ரப்பரை இறுக வைப்பது கந்தகம். அதைக் கடைசியில்தான் சேர்ப்போம். கூடிப்போனால் ரப்பர் கல்லாகிவிடும். ஒரு நாள் சால்னாவுக்கு என்னென்ன அரைக்க வேண்டும் என்று சண்முகையாவிடம் கேட்டுக்கொண்டே, ஒரு தடவை போட்ட கந்தகத்தை மறுபடியும் போட்டுவிட்டேன். அந்தச் சரக்கில் வார்த்த, அதிர்வு தாங்கும் ரப்பர் புஷ்கள் திருவேங்கடம் பக்கத்து விவசாயி ஒருவரின் கிணற்று மோட்டாருக்குப் போயின.

நாலாம் நாள் மஞ்சள் பையோடு வந்தார். ஒரு புஷ்ஷை எடுத்து மேஜைமேல் போட்டார். கோலிக்குண்டு விழுந்த மாதிரி சத்தம். தப்பு என்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டு, அவரை உட்காரவைத்துப் புதிதாகச் செய்து கொடுத்தேன். வாங்கி அமுக்கிப் பார்த்துத் திருப்திப்பட்டவர் கிளம்பும்போது சொன்னார்: "பழசையும் பையில போடுங்க தம்பி, வீட்டுக்காரி பாக்கு இடிக்கக் கல்லு தேடுதா."

ஒரு நொடி வேலை

மில்லுக்கு மேலே, கை எட்டும் உயரத்தில் ஒரு கயிறு உண்டு. இழுத்தால் ரோல் நின்றுவிடும். தினமும் காலையில் அதை இழுத்துச் சரிபார்ப்பேன். கோயில் மணி அடித்தாச்சா என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

மழை பெய்த ஒரு மத்தியானம், ரப்பரோடு ஒரு பிளாஸ்டிக் துணுக்கும் சேர்ந்து சுற்றி வந்தது. மெஷினை நிறுத்தித்தான் எடுக்க வேண்டும். அதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பவனே நான்தான். ஆனால் சரக்கு சூடேறிக்கொண்டிருந்தது, தாமதித்தால் கெட்டுவிடும். ஒரு நொடி வேலைதானே என்று இரண்டு விரலால் கிள்ளப் போனேன். சூட்டில் இளகிய ரப்பர் விரலைப் பிடித்துக்கொண்டது. கை தன்பாட்டுக்கு முன்னால் போயிற்று. தலைக்கு மேலே கயிறு இருப்பதே மறந்துபோயிற்று.

எதிர்ப்பக்கம் நின்ற சண்முகையா எட்டிக் கயிற்றை இழுத்தார். அதற்குப் பிறகும் ரோல் கொஞ்சம் சுற்றித்தான் நின்றது. நின்றபோது, விரல் நுனிக்கும் ரோல் இடுக்குக்கும் நடுவே ஒரு தீப்பெட்டி நுழையும் இடம்தான் இருந்தது. அவரே கத்தியை எடுத்து ரப்பரை அறுத்து விரலை விடுவித்தார். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடித்து முடித்த டம்ளரை வாங்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "அண்ணாச்சி, அந்தச் சட்டதிட்டமெல்லாம் புது ஆளுக்கு மட்டும்தானா?"

ஐந்தருவியில் குளியல்

சாரல் தொடங்கி அருவியில் தண்ணீர் விழுகிறது என்று கேள்விப்பட்டதும், வேலை முடிந்த கையோடு நானும் சண்முகையாவும் ஐந்தருவிக்குப் போனோம். கார்பன் பொடி காதுக்குள்ளும் மயிர்க்காலிலும் குடியிருக்கும், வீட்டுக் குழாய்த் தண்ணீருக்கு அசையாது. அருவி அடித்த அடியில் எங்கள் தலையிலிருந்து மை மாதிரி இறங்கியது. பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த வெளியூர்க்காரர் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு, என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். துவட்டும்போது கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நீங்க தலைக்கு எந்த டை போடுறீங்கன்னு சொல்லுங்க, அதை மட்டும் நான் வாங்காம இருக்கணும்."

இத்தனை வருஷத்தில் நான் தெரிந்துகொண்டது, எந்த ரப்பரையும் அரை மணியில் வழிக்குக் கொண்டுவந்துவிடலாம், அதைக் கலக்குகிறவனை வழிக்குக் கொண்டுவரத்தான் இன்னும் யாரும் ஒரு மில் கண்டுபிடிக்கவில்லை.