சித்தையன்கோட்டைப் பக்கம் ஒரு மீன் வண்டியில்

2006 நவம்பரில், ஒரு வியாழக்கிழமை, இந்தப் பயணம் போனேன். நான் வேலை பார்த்த நிறுவனம் திருச்சிக் கிளையை மூடப்போகிறது என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. எல்லோரையும் ஒரு வாரம் விடுப்பில் போகச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் உட்கார்ந்தால் செல்போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். மூன்றாம் நாள் மனைவியே, "எங்கயாவது போயிட்டு வாங்க, உங்களப் பாத்தா எனக்குப் படபடன்னு வருது" என்றாள்.

எங்கே போவது? அரசும் ஒரு தனியார் நிறுவனமும் மீனவர் சங்கமும் சேர்ந்து திண்டுக்கல் பக்கத்துக் குளம் ஒன்றில் மீன் வளர்க்கிறார்கள் என்று பேப்பரில் படித்திருந்தேன். கடலில்லாத ஊரில் மீனவர் சங்கம் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. அது போதாதா கிளம்புவதற்கு.

திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் காலை 4.40க்கு வண்டி. நூறு கிலோமீட்டர், முப்பத்திரண்டு ரூபாய். 7.10க்குத் திண்டுக்கல். இரண்டு இட்லி, ஒரு காபி, பதினொரு ரூபாய். அங்கிருந்து செம்பட்டி வழியாகச் சித்தையன்கோட்டை போகும் டவுன் பஸ்ஸில் ஒரு மணி நேரம், ஆறு ரூபாய். இறங்கியதும் குளத்துக்கு நான்கு கிலோமீட்டர் நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் நெல்லும் தென்னையும்தான், நிழலுக்குப் பஞ்சமில்லை. குளத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. காரணம் படித்தால் புரியும்.

9.30க்குக் கரை ஏறியபோது பரிசல்கள் திரும்பிக்கொண்டிருந்தன. கட்லா, ரோகு, கொஞ்சம் ஜிலேபிக் கெண்டை. கரையில் ஒரு பெண் கையில் மரச்சட்டம் வைத்துக்கொண்டு, சந்தேகமான மீனையெல்லாம் அதன்மேல் கிடத்தி அளந்துகொண்டிருந்தார். சட்டத்தில் சிவப்புக் கோடு. வால் கோட்டைத் தாண்டாவிட்டால் மீன் தண்ணீருக்குத் திரும்பப் போகும். அவர்தான் சங்கச் செயலாளர் ஆரோக்கியமேரி. நாற்பது வயதிருக்கும். யார் என்ன என்று கேட்டார். சும்மா பார்க்க வந்தேன் என்றேன். சும்மா வருகிறவர்களை அவர் அதிகம் பார்த்ததில்லை போலிருக்கிறது, ஏற இறங்கப் பார்த்தார்.

ஆனாலும் பொறுமையாகச் சொன்னார். குளத்தில் மீன் பிடிக்கும் உரிமை சங்கத்துக்கு. மீன்குஞ்சும் ஐஸும் வண்டியும் நிறுவனம் தருகிறது, பிடித்த மீனையும் அதுவே வாங்கிக்கொள்கிறது. வலையின் கண் எவ்வளவு இருக்க வேண்டும், எந்த அளவுக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்பதை மீன்வளத்துறை பார்த்துக்கொள்கிறது. காவல் சங்கத்தின் பொறுப்பு. மூன்று வருட ஒப்பந்தத்தில் இது இரண்டாம் வருடம்.

"நல்லாத்தான் போச்சுண்ணே. இந்த வருசம் விட்ட குஞ்சுக்கு மீனக் காணோம். எவனோ கொசுவலை மாதிரி வலையப் போட்டு அள்ளுறான். கம்பெனிக்காரங்க நாங்கதான் திருடுறோம்னு சொல்றாங்க. வர்ற திங்கக்கெழம மீட்டிங்கு. ஒப்பந்தத்த முடிச்சுக்கிறோம்னு எழுதிக் குடுத்துட்டாங்க."

நாற்பது குடும்பங்கள் அந்தக் குளத்தை நம்பியிருக்கின்றன என்றார். யாருடைய வேலை போகும், யாருடையது நிற்கும் என்ற பேச்சிலிருந்து தப்பித்து வந்தவன் நான். இங்கேயும் அதே பேச்சு. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. குளத்தைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, 12.40 பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று புறப்பட்டேன்.

நான் பாதி வழியிலேயே இருக்கும்போது பஸ் அடித்த ஹாரன் தூரத்தில் கேட்டது. அடுத்தது 2.30க்கு. அப்போதுதான் பின்னால் மீன் வண்டி வந்து நின்றது. ராஜாங்கம் என்ற டிரைவர், என்னை விட இளையவர். கரையில் என்னைப் பார்த்திருக்கிறார். "ஏறுங்க சார், செம்பட்டியில எறக்கி விடுறேன்" என்றார். காசு வாங்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

தார்ச்சாலைக்குப் போகாமல் வண்டி குளத்தின் மறுகரைக்குத் திரும்பியது. சீமைக்கருவேலம் அடர்ந்த இடத்தில் நிறுத்தி, "செத்த நேரம் சார்" என்று இறங்கினார். புதருக்குள்ளிருந்து இரண்டு பேர் இரண்டு பெட்டிகளைத் தூக்கி வந்து பின்னால் ஏற்றினார்கள். ஒரு பெட்டியின் மூடி சரிந்தது. உள்ளங்கை நீளம் கூட இல்லாத மீன்கள். ராஜாங்கம் அவற்றின்மேல் ஐஸை அள்ளிப் போட்டார்.

வண்டி கிளம்பியதும் கேட்டேன். கருவாட்டுக்குப் போகிற மீன் என்றார். யார் வாங்கச் சொன்னது என்றேன். நிறுவனத்தின் சூப்பர்வைசர் போனில் சொல்கிற இடத்தில் நிறுத்துவது மட்டும்தான் தன் வேலை என்றார். எனக்கு இறங்கிவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் இறங்கவில்லை.

குளத்துப் பாதை தார்ச்சாலையைத் தொடும் இடத்தில் ஒரு டிவிஎஸ் 50 குறுக்கே நின்றது. ஆரோக்கியமேரியும் சங்கத்துப் பெண்கள் மூன்று பேரும். வண்டி கரையை விட்டுப் போன நேரத்துக்கும் சாலைக்கு வருகிற நேரத்துக்கும் கணக்கு ஒத்துவரவில்லை என்று பல நாளாகவே அவருக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. பின்கதவைத் திறக்கச் சொன்னார். கம்பெனி சொல்லாமல் திறக்க முடியாது என்றார் ராஜாங்கம். அப்போதுதான் ஆரோக்கியமேரி என்னைப் பார்த்தார்.

"நீங்க வெளியூர். நீங்க எங்க பக்கமும் இல்ல, அவங்க பக்கமும் இல்ல. வண்டி எங்கண்ணே நின்னுச்சு?"

மணி 1.25. தெரியாது, தூங்கிவிட்டேன் என்று சொல்லலாம். ராஜாங்கம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா ஏற்றிக்கொண்டு வந்த மனிதர். மறுபக்கம், திருட்டுப் பட்டம் சுமந்து நிற்கும் நான்கு பெண்கள். சொன்னேன். எந்த இடம், எத்தனை பெட்டி, உள்ளே என்ன, எல்லாவற்றையும்.

ராஜாங்கம் இறங்கிப் போய், தானே கதவைத் திறந்து ஐஸை விலக்கினார்.

மீன்வளத்துறை ஆய்வாளருக்குப் போன் போயிற்று. அவர் வர 3.10 ஆனது. அதுவரை எல்லோரும் சாலையோரப் புளியமரத்தடியில் நின்றோம். ஒரு பெண் தூக்குவாளியில் சோறு கொண்டுவந்தார். வெஞ்சனம் கத்திரிக்காய். எனக்கு ஒரு தட்டு, ராஜாங்கத்துக்கு ஒரு தட்டு. அவர் சாப்பிடாமல் வைத்திருந்தார். ஆரோக்கியமேரி, "சாப்புடப்பு, சோத்து மேல என்ன கோவம்" என்ற பிறகு சாப்பிட்டார்.

பிறகு ராஜாங்கம் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "நீங்க சொன்னது பொய்யில்ல சார். ஆனா பாருங்க, சூப்பர்வைசருக்கு ஒண்ணும் ஆகாது."

ஆய்வாளர் வந்து வாக்குமூலம் எழுதியபோது, கதவைத் திறந்து காட்டியது டிரைவர்தான், யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பதையும் சேர்க்கச் சொன்னேன். சேர்த்தார். ராஜாங்கமும் சூப்பர்வைசரின் பெயரைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நான் சாட்சியாகப் போட்டேன். வீடு சேர இரவு எட்டரை.

மூன்று வாரம் கழித்து ஆரோக்கியமேரியிடம் போனில் பேசினேன். சங்கத்தின் மேலிருந்த பழி போய்விட்டது. ஒப்பந்தம் தொடர்கிறது. இனி வண்டி கரையை விட்டுக் கிளம்பும் முன் சங்கமும் துறையும் சேர்ந்து பெட்டிக்கு முத்திரை வைக்கிறார்கள். சூப்பர்வைசரை வேறு மாவட்டத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். ராஜாங்கத்தை மறுநாளே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். "நாங்க பேசிப் பாத்தோம்ண்ணே. வண்டி எங்களுது, டிரைவரும் எங்க விருப்பம்னுட்டாங்க."

போக விரும்புகிறவர்களுக்கு: நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். காலை ஒன்பதுக்குள் கரையில் இருந்தால் மீன் இறங்குவதைப் பார்க்கலாம். குளத்தருகே கடை கிடையாது, தண்ணீர் எடுத்துப் போங்கள். சங்கத்தில் கேட்டால் மீன் விலைக்குத் தருவார்கள். அந்தச் சிவப்புக் கோட்டைத் தாண்டாத மீனை வேறு யாராவது மலிவாகத் தந்தால் வாங்காதீர்கள். அதை வாங்க ஆள் இருப்பதால்தான் அந்த வலை தண்ணீரில் இறங்குகிறது. அரசு, தனியார், சங்கம் என்று மூன்று பேர் கையெழுத்துப் போட்ட காகிதம் நல்ல காகிதம்தான். ஆனால் அன்றைக்கு அதைக் காப்பாற்றியதில் அந்த மூன்று பேரிலும் சேராத ஒரு டிரைவருக்கும் பங்கு உண்டு.

ராஜாங்கத்தின் எண்ணை ஆரோக்கியமேரியிடம் வாங்கி, நான்கு நாள் தயங்கி, போன வாரம் கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அவர் அதற்கு இடமே கொடுக்கவில்லை. ஒட்டன்சத்திரத்தில் தக்காளி லோடு வண்டிக்கு ஆள் எடுக்கிறார்களாம். பழைய இடத்தில் ஏன் வேலையை விட்டு நிறுத்தினார்கள் என்று அந்த முதலாளி கேட்கிறாராம்.

"அன்னைக்கு எழுதுன பேப்பர்ல, நானாத்தான் தெறந்து காட்டுனேன்னு போடச் சொன்னீங்கள்ல சார். அதுல ஒரு காப்பி வாங்கித் தர முடியுமா?"

ஆய்வாளர் அலுவலகத்தில் விசாரித்தேன். சாட்சி நேரில் வந்து எழுதிக் கேட்டால் தருவார்களாம். செவ்வாய்க்கிழமை திண்டுக்கல் போகிறேன்.