லிஃப்ட் பழுதான கிழமை

எனக்குப் பால் சுரக்கிறதா என்ற விசாரணையில் கொழும்பு வெள்ளவத்தை முழுவதும் கலந்துகொண்டது. பிள்ளையோடு ஆஸ்பத்திரியால் வந்த அன்றே ஆறாம் மாடிக்கு ஆட்கள் லிஃப்டில் ஏறத் தொடங்கிவிட்டார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: "பால் காணுதோ?" நான் சுகமா என்று கேட்க ஒரு நாதியில்லை.

பால் இருந்தது. பிள்ளைக்குத்தான் பிடித்துக் குடிக்கத் தெரியவில்லை. முலைக்காம்பு வெடித்து, அவள் வாய் வைக்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வந்தது. அடுத்த கிளினிக் நாளுக்குள் பிள்ளையின் நிறை கூடாவிட்டால் பால்மா கொடுக்கத்தான் வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். பயத்தில் அழுதேன். அழுகைக்கு மருந்தாக, பால் சுரக்கவைக்கும் என்று சுறா வறை வந்தது. வந்தவர்கள் எல்லோரும் சுறா வறையோடுதான் வந்தார்கள். ஃபிரிட்ஜைத் திறந்தால் துறைமுக மணம்.

ஒரு புண்ணியவதி பால்மா டின் ஒன்றைக் கொண்டுவந்து அலுமாரிக்கு மேல் வைத்தார், "சும்மா ஒரு பாதுகாப்புக்கு" என்று. இன்னொருவர் நான் போர்த்தியிருந்த சால்வையைத் தூக்கியே பார்த்தார். என் மாமியார் கொட்டாஞ்சேனையிலிருந்து தினமும் வந்து, தலைமாட்டில் இருந்து வர்ணனை செய்தார்.

"தலையைத் தூக்கு. இப்பிடியே பிடிக்கிறது? நாங்களெல்லாம் பிள்ளை வளர்க்கேல்லையே!"

அந்த நேரம் பார்த்து லிஃப்ட் பழுதானது. மவராசன், என்ன நல்ல லிஃப்ட்! ஆறு மாடி ஏறிவர ஒருவருடைய அன்புக்கும் மூச்சுக் காணவில்லை.

மாமி மட்டும் ஏறி வந்தார். முழங்காலைப் பிடித்தபடி கட்டிலருகே கதிரையில் விழுந்தார். வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை, மூச்சுத்தான் வாங்கியது. பேச முடியாமல், ஒரு தலகணியை இழுத்து என் முழங்கைக்குக் கீழ் வைத்துவிட்டார். அவ்வளவுதான். சால்வை இல்லாமல், விமர்சனம் இல்லாமல், நான் சாய்ந்திருந்து பிள்ளை வாயை அகலத் திறக்கும்வரை பொறுத்தேன். திறந்தாள். பிடித்தாள். வலிக்கவில்லை. அவள் விழுங்கும் சத்தம் கேட்டது.

மாமிக்கு மூச்சு திரும்பியது. தொடங்கப்போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் அலுமாரிக்கு மேலிருந்த டின்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்ர புருசனுக்கு நான் டின்பால்தான் குடுத்தனான், பிள்ளை. எனக்கும் பால் இருந்தது. கதவைச் சாத்தத்தான் ஒருத்தரும் விடேல்லை."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

கிளினிக்கில் நிறை கூடியிருந்தது. லிஃப்டையும் திருத்திவிட்டார்கள். வாசல் மணி அடித்தது, சனம் திரும்ப வந்தது. அறைக்கு வெளியே கதிரை போட்டு இருந்த மாமியின் குரல் எனக்குக் கேட்டது.

"உள்ளுக்குப் போகேலாது. பிள்ளை பால் குடிக்குது. சுறாவை மேசையில வைச்சிட்டுப் போங்கோ."