இரண்டாம் கியரைப் பிடிக்க ஒரு கை

எழுதிப் பழகாதவன் எழுதுகிறேன். பத்தாம் வகுப்போடு என் படிப்பு சரி. அதற்குப் பிறகு நான் எழுதியது வாடகைச் சீட்டுகளும், தெருவிளக்கு கேட்டுப் பஞ்சாயத்து ஆபீசுக்கு ஒரு மனுவும்தான். அந்த மனுவிலும் 'ஐயா' என்று நாலு தடவை எழுதி, விளக்கைப் பற்றிச் சொல்லத் தாளில் இடமில்லாமல் போய்விட்டது. வாயால் சொல்ல இருபத்திரண்டு வருடம் ஆன ஒரு விஷயம் இது. கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு சின்னமனூர் போகும்போது, மார்க்கையன்கோட்டையைத் தாண்டியதும் ஜீப் நின்றுவிட்டது. அடியில் உரலுக்குள் சல்லியைப் போட்டு ஆட்டியது மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். கியர் கம்பி கையில் தொளதொளவென்று ஆடியது. எந்தப் பக்கம் தள்ளினாலும் போனது, எதிலும் விழவில்லை. டிராக்டரில் கயிறு கட்டி மெக்கானிக் கடைக்கு இழுத்துப் போனோம். மெக்கானிக்கு வண்டிக்குக் கீழே படுத்து ஒரு போல்ட்டைக் கழற்றினார். கறுப்பாக எண்ணெய் வடிந்து தட்டில் விழுந்தது.

கியர் ஆயில் வாசம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. எஞ்சின் ஆயில் மாதிரி இருக்காது. கெட்டுப்போன பூண்டைத் தீயில் காட்டியது மாதிரி ஒரு நெடி, சட்டையில் ஏறினால் மூன்று துவைப்புக்குப் போகாது. அந்த நெடி வந்ததும் என் இடது கை தானாக மூடிக்கொண்டது. எதையோ பிடித்திருப்பது மாதிரி. மெக்கானிக்கு நிமிர்ந்து பார்த்து, "என்னண்ணே, கை வலிக்குதா" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிக் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

கை அப்படித்தான். பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்தால், டிரைவர் இறக்கத்தில் கியரைக் குறைக்கும்போதெல்லாம் மூடிக்கொள்ளும். தூக்கத்தில்கூட மூடியிருக்கும் என்று நினைக்கிறேன். காலையில் எழுந்தால் உள்ளங்கையில் நகம் பதிந்த தடம் இருக்கும்.

ஜீப் எனக்குச் சொந்தமானது இல்லை, அக்காவுடையது. அதற்கு முன்னால் அக்கா புருஷனுடையது. நான் அவரை மச்சான் என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். சின்னமனூரிலிருந்து மேகமலை எஸ்டேட்டுகளுக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவது அவர் தொழில். கூடவே நான். என்ன வேலை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. டயர் மாற்றுவேன், பெண்களை எண்ணி ஏற்றுவேன். எண்ணும்போதும் முகத்தைப் பார்க்க மாட்டேன், தூக்குவாளியைத்தான் எண்ணுவேன். ஒருநாள் ஒருத்தி இரண்டு தூக்குவாளி கொண்டுவந்ததால் ஒரு ஆளை மலையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். அதைச் சொல்லிச் சொல்லியே மச்சான் ஒரு வருடம் ஓட்டினார்.

"மாப்ள, வாளி எல்லாம் ஏறிருச்சா? ஆளுக ஏறுனா நல்லதுதான்" என்பார்.

எனக்கு அப்படியொரு கூச்சம். டீக்கடையில் சர்க்கரை கம்மியாகக் கேட்கக் கூச்சப்பட்டு, பாகு மாதிரி இருக்கும் டீயை இன்றைக்கும் குடித்துக்கொண்டிருக்கிறேன். கல்யாணமும் அப்படித்தான் நடக்காமல் போனது. பெண் பார்க்கப் போன இரண்டு இடத்திலும் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததில், பையனுக்குப் பார்வை சரியில்லையோ என்று கேட்டார்களாம்.

அந்த ஜீப்பில் ஒரு கோளாறு இருந்தது. இறக்கத்தில் இரண்டாம் கியர் நிற்காது. போட்ட கொஞ்ச நேரத்தில் கம்பி தானாக நழுவி நடுவில் வந்து நின்றுவிடும். நழுவினால் எஞ்சின் பிடி விட்டுவிடும், வண்டி தன் பாரத்திலேயே உருள ஆரம்பிக்கும். கியர் பெட்டியைப் பிரித்துச் சரிசெய்ய அன்றைக்கே பெரிய செலவு. "அடுத்த பறிப்பு முடியட்டும்" என்று மச்சான் தள்ளிக்கொண்டே வந்தார். அது வரைக்கும் என்ன வழி? முன் சீட்டில் நடுவில் நான் உட்கார்ந்து, இறக்கம் முழுக்கக் கம்பியைப் பின்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டே வருவேன். மச்சான் ஸ்டீயரிங்கையும் பிரேக்கையும் பார்த்துக்கொள்வார். கியர் மாற்ற வேண்டுமென்றால் "விடு மாப்ள" என்பார். விடுவேன். "பிடி மாப்ள" என்பார். பிடிப்பேன். நான் வராத நாளில் பழைய சைக்கிள் டியூபை அறுத்து, கியர் கம்பியில் ஒரு முனையும் சீட்டுக் கம்பியில் ஒரு முனையுமாகக் கட்டி ஓட்டுவார். அந்தப் பக்கத்து ஜீப்புகள் பலவற்றில் அப்படி ஒரு டியூப் தொங்கும். யாருக்கும் அது தப்பாகத் தோன்றியதில்லை.

ஏலக்காய் வாசம் இப்போது எனக்கு ஆகாது. பாயசத்தில் போட்டிருந்தால் கிண்ணத்தை நகர்த்திவிடுவேன். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், மலையிலிருந்து இறங்கக் கிளம்பும்போது ஜீப் முழுக்க அந்த வாசம், பெண்களின் சேலையிலும் விரலிலும். மழை தூறிக்கொண்டிருந்தது. பேச்சியம்மா என்று ஒரு பெண், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நல்ல காய்ச்சல், பல் கிட்டிப்போய் நடுங்கிக்கொண்டு நின்றார். பின்னால் நெருக்கியடித்து உட்கார முடியாது.

"ஏத்தா, நீ முன்னால ஏறிக்க" என்றார் மச்சான்.

பேச்சியம்மா ஓரத்தில் ஏறி உட்கார்ந்தார். நடு இடம் எனக்கு. ஜீப்பின் முன் சீட்டு எவ்வளவு அகலம் என்று உங்களுக்குத் தெரியும். தொடையோடு தொடை படாமல் உட்கார முடியாது. ஒரு மணி நேர இறக்கம். பின்னாலிருந்து பத்துப் பன்னிரண்டு பெண்கள் பார்த்துக்கொண்டு வருவார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"மச்சான், நான் பின்னால படியில தொத்திக்கிறேன்."

"கம்பிய யாருலே பிடிப்பா?"

"டியூபு கட்டிட்டேன் மச்சான். புது டியூபுதான்."

அவர் சிரித்தார். "பொம்பள பக்கத்துல உக்காந்தா தேஞ்சா போயிருவ? ஏறுலே."

நான் ஏறவில்லை. பின் படியில் நின்றுகொண்டேன். நடு இடம் காலியாகவே வந்தது.

கடைசி வளைவுகளுக்கு வந்தபோது எஞ்சின் சத்தம் சட்டென்று இறங்கியது. பயங்கரமான சத்தம் எதுவும் கேட்கவில்லை என்பதுதான் இன்றைக்கும் எனக்குப் பயமாக இருக்கிறது. அமைதியானது, அவ்வளவுதான். அதுவரை கேட்காத மழைச் சத்தம் கேட்டது. பெண்களின் தலைகளுக்கு மேலாகப் பார்த்தேன். அறுந்த டியூப் ஆடிக்கொண்டிருந்தது. மச்சானின் இடது கை கம்பியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தது, விழவில்லை. பிறகு பிரேக் கருகும் வாசம். வலது பக்கம் பள்ளம், இடது பக்கம் பாறை. அவர் பாறைப் பக்கம் திருப்பினார்.

பெண்களுக்குச் சிராய்ப்புதான். பேச்சியம்மாவுக்குக் கையில் எலும்பு விரிசல். நான் புல்லில் விழுந்து, ஒரு காயமும் இல்லாமல் எழுந்தேன். மச்சானுக்கு ஸ்டீயரிங் வயிற்றில் ஏறிவிட்டது.

தேனி ஆஸ்பத்திரியில் எட்டு நாள் இருந்தார். மூன்றாம் நாள் பேச்சு வந்தது. அக்கா கேட்ட முதல் கேள்வி, "எந்தம்பி எங்க போனான்? கம்பியப் பிடிக்கத்தான அவன் ஒங்க கூட வாரான்?"

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். மச்சான் என்னைப் பார்த்தார்.

"நாந்தான் பின்னால போகச் சொன்னேன். எடம் பத்தல" என்றார்.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எட்டாம் நாள் அவர் போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் யாரோ அக்கா காதில் போட்டிருக்கிறார்கள், முன் சீட்டில் ஒரு பெண் இருந்தாள் என்று. பதினாறாம் நாள் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டாள்.

"அவ யாருலே?"

"காய்ச்சக்காரிக்கா. வேற ஒண்ணுமில்ல."

"காய்ச்சலா. அதுக்குத்தான் ஒன்னயப் பின்னால வெரட்டிட்டு அவள முன்னால வச்சுக்கிட்டாராக்கும்."

அன்றைக்கும் நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவருக்கு அந்த வீட்டில் பேர் 'அந்த ஆளு'. ஆடி அமாவாசைக்கு ஊரே சுருளிக்குத் திதி கொடுக்கப் போகும். அக்கா ஒரு வருடமும் வந்ததில்லை. குழந்தையும் கிடையாது. நான் தனியாகப் போய், அருவிக்குக் கீழே நின்று எள்ளும் தண்ணீரும் விட்டு வருவேன். திரும்பி வந்தால் அக்கா சோறு போட்டுக்கொண்டே, "என்ன, பசியாறுனாராமா அந்த ஆளு? இல்ல அங்கனயும் எவளுக்காவது எடம் போட்டு வச்சிருக்காராமா?" என்பாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பேன். நான் இருப்பது பக்கத்து வீடு, மூன்று வேளையும் அவள் வீட்டில்தான் சாப்பாடு.

ஜீப்பின் முகப்பை ஒடுக்கெடுத்து நானே ஓட்ட ஆரம்பித்தேன். மலைக்கு மட்டும் ஏறவே இல்லை. இரண்டாம் கியரைப் போட்ட கணம் முதல் கையை எடுக்காமல் பிடித்தே ஓட்டினேன். டியூப் கட்டியதில்லை. எத்தனையோ மெக்கானிக்குகள் பெட்டியைப் பிரிக்கச் சொன்னார்கள். செலவு ஆகும் என்று தட்டிக்கழித்தேன். செலவு ஒரு காரணம்தான். இன்னொன்று உண்டு. அன்றைக்கு நான் நடுவில் உட்கார்ந்திருந்தாலும் கம்பி நழுவியிருக்கும், பல்லெல்லாம் அவ்வளவு தேய்ந்திருக்கும், எவன் கைக்கும் நின்றிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தூங்கினேன். பெட்டியைப் பிரித்தால் அது உண்மையா இல்லையா என்று தெரிந்துவிடும்.

இப்போது பிரிக்காமல் முடியவில்லை. இரண்டு நாள் கழித்து மெக்கானிக்கு கூப்பிட்டு அனுப்பினார். அக்காவும் வண்டிக்குச் சொந்தக்காரி என்று கூடவே வந்தாள். தட்டில் பல்சக்கரங்கள் மண்ணெண்ணெயில் ஊறிக் கிடந்தன.

"இந்தா, இப்ப ஒடஞ்சது இது" என்று ஒன்றை ஒதுக்கிவிட்டு இன்னொன்றை எடுத்தார். "இது ரெண்டாங் கியரு. பல்லு முனை மழுங்கியிருக்கு. இது இன்னைக்கு நேத்துத் தேஞ்சதில்ல. எப்படிண்ணே இம்புட்டு வருசம் ஓட்டுனீக?"

"கையால பிடிச்சுக்கிட்டு."

"அதான் பாத்தேன். ஒருத்தர் கை அமுக்கி இருந்தா இது வெளிய வராது. விட்டாத்தான் வரும். டியூபு கியூபெல்லாம் இதுக்கு நிக்காது."

அவர் சாதாரணமாகச் சொன்னார். சாமான் எல்லாம் மதுரையிலிருந்து வர வேண்டும், கூலியோடு ஐம்பதாயிரத்துக்குப் பக்கம் வரும், வண்டி அவ்வளவு பெறாது என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அம்பதாயிரம். செத்தும் செலவு வைக்கிறாரே அந்த ஆளு. எவளுக்கோ எடம் குடுத்த வண்டி, அதுக்கு நான் தண்டம் அழுகணும்."

இருபத்திரண்டு வருடமாகக் கேட்ட பேச்சுதான். அன்றைக்கு என்னால் முடியவில்லை.

"அக்கா, அவரு என்னயப் பின்னால போகச் சொல்லல."

"என்னலே சொல்ற?"

"நடுவுல உக்காருன்னுதான் சொன்னாரு. நாந்தான் மாட்டேன்னுட்டேன். பொம்பள பக்கத்துல உக்கார வெக்கமா இருந்துச்சு. ஆஸ்பத்திரியில எனக்காகத்தான் மாத்திச் சொன்னாரு."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அந்த இரண்டாம் கியர் சக்கரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எண்ணெய் சேலையில் ஊறியது.

"வெக்கமா" என்றாள்.

"ஆமாக்கா."

"அவுகளா அப்படிச் சொன்னாக. எனக்குத் தெரியாம, ஒனக்காக."

"ஆமா."

"இத்தன வருசமா நான் அவுகள வஞ்சேன். நீ எங் கையால சோறு வாங்கித் தின்னுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்த."

அக்கா சக்கரத்தைத் தட்டில் திரும்ப வைத்தாள், சத்தம் வராமல். எழுந்து ரோட்டுப் பக்கம் நடந்தாள். நான் பின்னால் போனேன்.

"இங்கனயே நில்லு. எங்கூட வராத" என்றாள். பஸ் வந்தது, ஏறிப் போனாள்.

இப்போது மேகமலை ரோடு தார் போட்டு அகலமாகிவிட்டது என்கிறார்கள். அந்தப் பாறையை உடைத்துச் சுவர் கட்டியிருக்கிறார்களாம். டியூப் தொங்கும் ஜீப் ஒன்றையும் நான் பார்த்து வெகுநாளாகிறது. பேச்சியம்மா எந்த ஊருக்குப் போனாரென்று தெரியவில்லை. தேடிப் பார்த்திருக்க வேண்டும், தேடவில்லை. காலையில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா அந்த ஆளை வைதுகொண்டே வாசல் தெளிக்கும் சத்தம் இப்போது கேட்பதில்லை. தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்கிறது.

அக்கா பஸ் ஏறிப் போன மறுநாளே பழைய இரும்புக்காரர் லாரி கொண்டுவந்து ஜீப்பை ஏற்றினார். அக்கா வந்து காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். மதியம் நான் பஸ் ஸ்டாண்டு ஹோட்டலில் சாப்பிட்டேன்.