மொரீஷியஸில் யார் வீட்டில்?

எங்கள் கடைப் படிவத்தில் ஏழெட்டுக் கட்டங்கள் உண்டு. பெயர், பாஸ்போர்ட் எண், போகும் தேதி, திரும்பும் தேதி என்று போய், கடைசியில் 'அங்கே தங்குமிடம்' என்பதில் முடியும். டெபுடி செக்ரெட்டரி அம்மாவின் படிவத்தில் அந்தக் கடைசிக் கட்டம் மட்டும் மூன்று வாரம் காலியாகக் கிடந்தது. மற்ற கட்டங்களில் எல்லாம் அச்சடித்த மாதிரிக் கையெழுத்து.

தில்லி கோல் மார்க்கெட் பக்கத்து டிராவல்ஸ் கடை ஒன்றில் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். சுற்றிலும் அரசாங்கக் குவார்ட்டர்ஸ். இங்கே ஆளைப் பெயரால் அல்ல, பதவியால்தான் தெரியும்; மனைவிமாருக்கும் அதே பதவிதான். இந்த அம்மாவின் கணவர் ஓய்வு பெற்று, காலமாகியும் இரண்டு வருடம் ஆகியிருந்தது. பதவி மட்டும் அம்மாவிடம் தங்கிவிட்டது. கோயம்புத்தூர்க்காரர். தில்லியில் நாற்பது வருடம் இருந்ததில் பேச்சில் ஓர் 'அச்சா' சேர்ந்துகொண்டதே தவிர, ஊர்ப் பேச்சு எங்கேயும் போகவில்லை.

"மொரீஷியஸ் போகோணும் கண்ணு. என்னென்ன வேணும்னு சொல்லு, எழுதிக்கறேன்" என்று நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தார். நான் ஒப்பித்தேன். நம் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா எடுக்க வேண்டாம், இறங்கியதும் முத்திரை குத்துவார்கள். ஆனால் திரும்பி வரும் டிக்கெட்டும், தங்குமிடத்துக்குச் சான்றும் கையில் இருக்க வேண்டும். இங்கே ஜூனில் தார் உருகும்போது அங்கே குளிர்காலம்; தில்லிக் குளிரை நினைத்துப் பயப்பட வேண்டாம், மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று போதும். வருடம் பிறந்து முதல் இரண்டு மூன்று மாதம் புயல் வரலாம். வெயில் சாதுவாகத்தான் தெரியும், தோலை உரித்துவிடும். மாத்திரைகளுக்கு டாக்டர் சீட்டு வேண்டும். செடி, விதை, பழம் எதுவும் கொண்டுபோகக் கூடாது.

"கறிவேப்பிலைக் கன்னு ஒண்ணு கொண்டுபோலாம்னு இருந்தேன்" என்றவர், அந்த வரியை மட்டும் இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

எந்த ஹோட்டல் என்று கேட்டேன். ஹோட்டல் இல்லை, தம்பி வீடு என்றார். அப்படியானால் வேலை சுலபம், 'என் வீட்டில் தங்குவார்' என்று அவர் ஒரு கடிதம் எழுதி அனுப்பினால் போதும் என்றேன். அம்மா நோட்டை மூடினார். அதற்குப் பிறகு வாரம் ஒரு முறை வந்தார். மழை பெய்யுமா, குடை எடுக்கட்டுமா என்று கேட்பார், போய்விடுவார். கடிதம் வரவில்லை.

எனக்குக் கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம் உண்டு. மூன்றாம் வாரம் நானே வழி சொன்னேன்: சும்மா ஒரு ஹோட்டலில் பெயருக்கு அறை போட்டுக் காகிதத்தை எடுத்துக்கொள்வோம், போய்ச் சேர்ந்ததும் ரத்து செய்துவிடலாம், ஊரே அப்படித்தான் செய்கிறது.

"தங்கமாட்டேன்னு தெரிஞ்சுட்டே எழுதறதா? ஒருக்கா பொய் எழுதிப் பட்டது போதும் கண்ணு" என்றார். பிறகுதான் விஷயம் வந்தது.

தம்பி சர்க்கரை ஆலை வேலைக்கு அந்தத் தீவுக்குப் போனவர். அங்கேயே கல்யாணம் செய்து, அந்த நாட்டுப் பிரஜையாகவும் ஆகிவிட்டார். இங்கே அம்மாவின் கணவருக்குப் பதவி உயர்வு வரும் சமயம். 'வெளிநாட்டில் நெருங்கிய உறவினர் உண்டா' என்று அலுவலகப் படிவத்தில் ஒரு கேள்வி. உண்டு என்று எழுதினால் நூறு கேள்வி வரும், எதற்கு வம்பு என்று அவர் 'இல்லை' என்று சொல்ல, கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் அம்மாதான் எழுதினார். அந்த டிசம்பரில் தம்பி தில்லி வந்தார். படிவத்தின் நகல் சாப்பாட்டு மேஜையிலேயே கிடந்தது.

"அவனுக்கு எழுதப் பழக்குனதே நானு. என்ர கையெழுத்துன்னு தெரியாதா? 'நான் இல்லியாக்கா'ன்னு ஒரே வார்த்தைதான் கேட்டான். கோவிச்சுட்டு எந்திரிச்சுப் போயிருந்தாக்கூடப் பரவால்ல. உக்காந்து சாப்டுட்டுத்தான் போனான்."

அதன்பின் இத்தனை வருடமாகப் பேச்சில்லை. இப்போது தம்பிக்கு இருதய ஆபரேஷன் ஆகியிருப்பதாகச் சொந்தக்காரர்கள் மூலம் தெரிந்திருக்கிறது. போன் செய்தால் வர வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். சொல்லாமல் போய் வாசலில் நின்றால் போகச் சொல்ல மாட்டார் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கைத்தான் நான் ஒரு கடிதத்தைச் சொல்லிக் கெடுத்துவிட்டேன்.

இப்போதெல்லாம் எங்களிடம் யாரும் தகவல் கேட்டு வருவதில்லை. எல்லாவற்றையும் கைபேசியில் படித்துவிட்டு, எனக்குத் தெரியுமா என்று பார்க்கத்தான் வருகிறார்கள். அவர்கள் படிப்பதில் தப்பில்லை, என்னைவிடச் சரியாகவே இருக்கிறது. இந்த அம்மாவுக்கு வேண்டியிருந்த தகவல் ஒன்றுதான், அது என்னிடமும் இல்லை.

அன்றைக்கு என்ன தோன்றியதோ, "நம்பர் இருக்கு, நீயே போட்டுக் குடு" என்றார். போட்டேன். போனை என் மேஜைமேல் வைத்து, ஸ்பீக்கரில்தான் பேசினார்.

"நான்தான்" என்றார் அம்மா. அம்மா நோட்டைப் பார்த்துப் படிப்பதுபோலப் பேசினார். "உன்னப் பாக்க வரோணும். உன்ர வீட்ல தங்கறேன்னு நீ எழுதிக் குடுக்கோணுமாம். ஏர்போர்ட்ல கேப்பாங்களாம். எழுதித் தருவியா?"

அந்தப் பக்கம் ஏதோ இழுப்பறையைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"எத்தன நாளைக்குன்னு எழுதட்டும்க்கா?" என்றது ஒரு கிழட்டுக் குரல்.

திரும்பும் தேதிக் கட்டத்தில் ஐந்தே நாள் தள்ளி ஒரு தேதி எழுதியிருந்தார் அம்மா. பேனாவை எடுத்து அதை அடித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அதிகபட்சம் எத்தன நாள் உடுவாங்க கண்ணு?"