லெம்பியின் கம்பளிக் காலுறை

சைமி யாருடைய காலைத் தொட்டாலும் அவருக்கு மூன்று நாள்தான் என்று அந்த இல்லத்தில் ஒரு பேச்சு இருந்தது.

வாசா நகரத்துக்கு வடக்கே, கடலைப் பார்த்த கட்டடம். மருத்துவம் கைவிட்டவர்கள் கடைசி நாட்களைக் கழிக்கிற இடம். சைமியின் புருஷன் ஓலவியும் அங்கேதான் கண்ணை மூடினான். கடைசியாக அவன் கேட்டது பாதத்தைப் பிடித்துவிடச் சொல்லித்தான். முப்பது வருடம் உடம்பு பிடித்துவிட்டே பிழைத்தவள், அதற்குப் பிறகு கூலியில்லாமல் அங்கே போய் வந்தாள்.

வலி மருந்துக்கும் அடங்காதபோதுதான் அவளைக் கூப்பிடுவார்கள். அப்படி வலிப்பவர்களுக்கு எப்படியும் நாள் நெருங்கியிருக்கும். இது தாதிகளுக்குத் தெரியும். படுத்திருப்பவர்களுக்கு யார் சொல்வது? முதல் அறையில் கிடந்த மீன்காரர் வில்ஹோ, அவள் தலை தெரிந்ததும் இரண்டு காலையும் போர்வைக்குள் இழுத்துக்கொள்வார்.

"இன்னிக்கு யாரு சீட்டைக் கிழிக்க வந்தே?"

"உங்களது இல்லண்ணே, பயப்படாதீங்க."

"பயமா, எனக்கா? குளிருதும்மா, அவ்வளவுதான்."

அந்த நவம்பரில் லெம்பியை அங்கே கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். சைமிக்குக் கூடப்பிறந்த அக்கா. மில்லுக்கார ஹெய்க்கியின் ஆறு பிள்ளைகளில் மிஞ்சியது இவர்கள் இருவர்தான். லெம்பி ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை போட்டிருந்தாள். கழற்ற விடவில்லை.

"வியாழக்கிழமை அனெலி வர்றா. அதுவரைக்கும் நீ என் காலைத் தொடக்கூடாது, சொல்லிட்டேன்."

அனெலி லெம்பியின் ஒரே மகள். கடலுக்கு அந்தப் பக்கம், ஸ்வீடனில் வாழ்க்கைப்பட்டவள். தகப்பன் அடக்கத்துக்கு அவள் வராததிலிருந்து பதினோரு வருடமாகத் தாயும் மகளும் பேசிக்கொள்ளவில்லை.

வியாழன் காலை கடல் கொந்தளித்தது. அனெலி போனில் அழுதாள். "சித்தி, காலைக் கப்பலை நிறுத்திட்டாங்க. மதியக் கப்பல்ல ஏறினா சாயங்காலம் ஆயிடும்."

லெம்பி பாதம் எரிகிறது என்று மூன்று நாளாகத் தூங்கவில்லை. பல்லைக் கடித்துக் கடித்து உதடெல்லாம் ரத்தம். தாதி கைசா சைமியைத் தனியே கூப்பிட்டாள். "இன்னும் மருந்து கூட்டினா வலி நிக்கும். ஆனா மக வரும்போது முழிப்பு இருக்காதுக்கா."

சைமி திரும்பி வந்து, கைசா சொன்னதை அக்காவிடம் சொல்லிவிட்டுக் கட்டிலருகே நின்றாள். இரண்டு கையும் சட்டைப்பைக்குள் இருந்தன.

"கழட்டுடி," என்றாள் லெம்பி.

"வேண்டாங்க்கா."

"ஏன், நீயுமா அதை நம்புற?"

சைமி எத்தனை காலைப் பிடித்திருக்கிறாள், எத்தனை மெழுகுவர்த்தியைச் சாப்பாட்டு மேசையில் பார்த்திருக்கிறாள். இல்லத்தில் யாராவது இறந்தால் அங்கே ஒன்று ஏற்றுவார்கள்.

"மருந்துல கிடந்து அவ முகத்தைப் பாக்காம போறதுக்கு, உன் கையால போறேன். கழட்டு."

காலுறை இரண்டு ஜோடியும் கழன்றன. முழங்காலில் ஊதா நிறம் வலைபோலப் படர்ந்திருந்தது. குதிகால் கல்லாய்ச் சில்லிட்டிருந்தது. மூன்று நாள்கூடத் தாங்காது என்று கை சொன்னது. சைமி அதை முகத்தில் காட்டாமல் எண்ணெயை உள்ளங்கையில் சூடாக்கி, இரண்டு பாதத்தையும் பொத்திப் பிடித்தாள். அழுத்தவில்லை. சும்மா பிடித்திருந்தாள். லெம்பியின் தாடை மெல்லத் தளர்ந்தது. தூங்கிவிட்டாள்.

கையை எடுத்தால் என்ன ஆகுமோ என்று சைமி எடுக்கவே இல்லை. மூன்றரைக்கே சன்னல் கறுத்துவிட்டது. கைசா வைத்துவிட்டுப் போன காப்பி ஆறியது. உள்ளங்கைக்குள் இருந்த பாதத்தின் குளிர் லெம்பியின் கணுக்கால் வரை ஏறி வந்ததை அவள் உணர்ந்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

ஆறு மணிக்கு ஈரக்கோட்டோடு அனெலி வாசலில் நின்றாள்.

"பாத்துக்கிட்டு நிக்காதே. கோட்டைக் கழட்டு. என் கை இருக்கிற இடத்துல உன் கையை வை. இடைவெளி விடாதே," என்றாள் சைமி.

லெம்பி கண்ணைத் திறந்தாள். நெடுநேரம் பார்த்தாள். "என்னடி, கை இவ்வளவு சில்லுனு இருக்கு?"

"வெளியே பனிம்மா."

பதினோரு வருடத்துக்குப் பிறகு பேசியது அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை விடியும்போது மேசையில் மெழுகுவர்த்தி எரிந்தது.

அடுத்த வாரம் சைமி போகவில்லை. அதற்கடுத்த செவ்வாய் போனபோது, வில்ஹோவின் கால்கள் போர்வைக்கு வெளியே நீட்டிக் கிடந்தன.

"உங்கக்கா தூங்கினாங்களாமே?"

"நாலு மணி நேரம் தூங்கினாண்ணே."

"சரி, பிடி."

குதிகாலை ஏந்தினாள். அதே குளிர்.

"என்ன, மூணு நாளா?"

சைமி எண்ணெய்ப் புட்டியைத் திறந்தாள். "காலை ஆட்டாம படுங்கண்ணே."