மொட்டைமாடியில் ஒரு குட்டி எரிமலை

சூரியனைக் கொஞ்சம் மங்கலாக்கினால் என்ன என்று எனக்குத் தோன்றியபோது நான் பனியனோடு தரையில் மல்லாந்து கிடந்தேன். மேற்கு மாம்பலம், மூன்றாவது மாடி, மே மாதம். கூரையின் சூட்டை மின்விசிறி அக்கறையாகக் கீழே இறக்கிப் பரிமாறிக்கொண்டிருந்தது. பிரசவத்துக்கு வந்த அக்காவின் கைக்குழந்தை தூளியில் வீறிட்டுக்கொண்டிருந்தாள். கழுத்து முழுக்க வேர்க்குரு. பகலில் அவள் தூங்கியே ஒரு வாரம் ஆகியிருந்தது. பழைய ஒயரிங் ஏசியைத் தாங்காது என்று எலெக்ட்ரீஷியன் கைவிரித்துவிட்டார்.

அப்போது கைபேசியில் நான் படித்துக்கொண்டிருந்தது இதைத்தான்: பெரிய எரிமலை வெடித்தால் அதன் கந்தகத் துகள்கள் வான உச்சியில் பரவி வெயிலைத் திருப்பி அனுப்புகின்றன, பூமி கொஞ்ச காலம் குளிர்கிறது. அதையே விமானத்தில் கொண்டுபோய்த் தூவலாமா என்று விஞ்ஞானிகள் யோசிக்கிறார்கள். மழை இடம் மாறிப்போகலாம், நடுவில் நிறுத்தினால் அடக்கி வைத்த சூடு மொத்தமும் சடாரென்று திரும்பலாம் என்றும் கடைசியில் போட்டிருந்தது. கடைசிப் பத்தியை யார் படிக்கிறார்கள்?

என்னிடம் விமானம் இல்லை. மொட்டைமாடி இருந்தது.

வெயிலைத் திருப்பி அனுப்ப மாடித் தரைக்கு வெள்ளையடிக்கலாமா என்று எங்கள் கட்டட வாட்ஸப் குழுவில் அனுமதி கேட்டேன். எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கினார்கள். கல்லூரி நண்பனைக் கூட்டிவந்து பக்கெட்டில் சுண்ணாம்பு கரைத்தேன். வேட்டிக்குப் போடும் சொட்டு நீலத்தையும் தாராளமாக ஊற்றினேன். நீலம் வெயிலைத் திருப்பாது, நம் கண்ணைத்தான் ஏமாற்றும் என்று தெரியும். ஆனாலும் வெள்ளை என்றால் பளிச்சென்று இருக்க வேண்டாமா?

"மச்சி, நாம வெள்ளையடிச்சா உலகம் குளுந்துடுமா? இன்னாடா கதை வுடுற?" என்றான் நண்பன், துடைப்பத்தால் பூசிக்கொண்டே.

உலகம் தெரியாது, அக்காவின் அறை குளிர்ந்தது. மறுநாள் மதியம் குழந்தை தூங்கினாள். அக்கா வாயைப் பிளந்துகொண்டு பக்கத்திலேயே தூங்கினாள். நான் நோபல் பரிசு ஏற்புரையை யோசிக்க ஆரம்பித்தேன்.

அதற்குள் எதிர்க்கட்டடத்திலிருந்து குரல். நான்காவது மாடியில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் மாமி. அவர் ஜன்னல் எங்கள் மாடியைக் குனிந்து பார்க்கும். எங்கள் வாட்ஸப் குழுவில் அவர் இல்லை.

"ஏண்டாப்பா, மேல என்ன பண்ணி வெச்சிருக்கே? இங்க வந்து பாரு!"

போனேன். ஹாலுக்குள் என் வெயில் முழுசாக வந்து உட்கார்ந்திருந்தது. ஆஸ்திரேலியப் பிள்ளைகளுக்கு மதியம்தான் அவருடைய ஆன்லைன் வகுப்பு.

"கேமராவைப் போட்டா நான் தெரியலை, வெறும் ஜோதி தெரியறது. ஒரு பொண்ணு, மாமி நீங்க பேயாங்கறா. ஜன்னலை மூடிண்டா வேகறது, திறந்துண்டா கண்ணு கூசறது. ரெண்டு பேர் பாதி வகுப்புலயே எழுந்து போயிட்டா."

"மாமி, இதுக்குப் பேரு புவிப்பொறியியல்..."

"எந்த இயலா வேணா இருக்கட்டும். உங்காத்து வெயிலை உங்காத்துலயே வெச்சுக்கோ."

"ஒரு திரை வாங்கித் தரட்டுமா?"

"அப்பறம் காத்துக்கு எங்கே போறது? சாயங்காலத்துக்குள்ள கழுவிடு."

வீடு திரும்பி வாளியை எடுத்தேன். அக்கா தூளிக் கயிற்றைப் பிடித்தபடி கிசுகிசுத்தாள்: "கழுவின, கொன்னுடுவேன். இப்பதான் தூங்குறா."

வாளியோடு படிக்கட்டில் உட்கார்ந்து அந்தக் கடைசிப் பத்தியை மறுபடியும் படித்தேன். அக்காவுக்கும் மாமிக்கும் நடுவில் ஒரு தெருதான். அதற்கே என்னால் ஒப்பந்தம் போட முடியவில்லை. இதில் உலக நாடுகள் கூடி உட்கார்ந்து, யார் தலைக்கு மேல் எவ்வளவு கந்தகம் என்று சுமுகமாகப் பேசி முடிக்குமாம். முடிக்கட்டும். எனக்கு ஆசை என்னவோ இன்னும் விடவில்லை.

மறுபடி மாமியிடம் போய் ஞாயிறு வரை தவணை கேட்டேன். முறைத்துவிட்டுக் கொடுத்தார். நர்சரிகளில் நிழலுக்குக் கட்டும் பச்சை வலையை வாங்கியாயிற்று. வெள்ளையைக் கழுவாமல் அதன் மேலே வலை கட்டினால் கூரைக்கு நிழல், மாமிக்குக் கண்கூச்சமில்லை என்பது கணக்கு. ஆனால் முதலில் அவர் ஜன்னலுக்கு நேராக ஒரு மூலையில் மட்டும் கட்டுகிறோம். வகுப்பு நேரத்தில் நான் மாமி ஹாலில் உட்கார்ந்து கேமராவில் அவர் முகம் தெரிகிறதா என்று பார்ப்பேன். அறை சூடாகிறதா என்று அக்கா தூளி அருகே இருந்து பார்ப்பாள். இரண்டு பக்கமும் சரி என்றால்தான் அடுத்த மூலை.

"காத்துல வலை பிச்சிக்கினு பக்கத்துத் தெருவுக்குப் பூட்ச்சுன்னா?" என்கிறான் நண்பன்.

சனிக்கிழமை அந்தத் தெருவிலும் போய்க் கேட்டுவிட்டு வரப்போகிறோம்.