கோர்வைப் பக்கம் அமர்ந்தவள்

அந்த ஆண்டின் வாந்திபேதியைப் பற்றி எங்கள் ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அவற்றை இங்கே சேர்க்கவில்லை. நான் எழுதுவது என்னுடன் படித்த ஒருத்தியைப் பற்றி. அவள் எங்கேனும் இருந்து இதைப் படிக்கவும் கூடும். ஆகவே நான் நேரில் கண்டதும், அவள் வீட்டார் வாயால் கேட்டதும் மட்டுமே இதில் உண்டு.

இருவரும் பள்ளியிறுதி வகுப்பில் இருந்தோம். கணக்கில் அவளே முதல். ஐப்பசி மழைக்குப் பின் நோய் பரவவே பள்ளியை மூடினார்கள். என் தந்தை வழக்குரைஞர். அந்த வாரமே ஓர் ஆசிரியர் எங்கள் வீட்டுக்கு வந்து பாடம் நடத்தத் தொடங்கினார்.

அவள் தந்தை பட்டு நெசவாளர். சேலையின் உடலை ஒரு நிறத்திலும் கரையை வேறொரு நிறத்திலும் நெய்து இணைக்கும் கோர்வைக்கு, தறியின் ஓரத்தில் அமர்ந்து கரை இழையை ஓட்டும் நாடாவை எறிய இன்னொருவர் வேண்டும். அவ்வேலைக்குத் தென்னேரியிலிருந்து வந்துகொண்டிருந்தவர் நோய்க்கு அஞ்சி நின்றுவிட்டார். அப்போதுதான் சில சேலைகளுக்கான நீள இழைகள் கொண்ட புதிய பாவு தறியில் ஏறியிருந்தது. பள்ளிதான் இல்லையே என்று அவள் அந்த இடத்தில் அமர்ந்தாள்.

பள்ளி திறந்த பின்னும் அவள் வரவில்லை. இறுதித் தேர்வுக்குப் பெயர் கொடுக்கும் நாள் நெருங்கியதால் தலைமையாசிரியை என்னை அவள் வீட்டுக்கு அனுப்பினார்.

"வாம்மா வக்கீல் வூட்டுப் பொண்ணு," என்றாள் அவள், நாடா எறியும் கை நிற்காமல். "வாத்தியாரு உன் வூட்டுக்கே வந்துக்கினு இருந்தாராமே. காப்பியெல்லாம் குடுத்தியா?"

"பரீட்சைக்குப் பேர் குடுக்கணும். எப்ப வர்றே?"

"இந்தப் பாவு முடியட்டும்டி. நடுவுல கை மாறினா கரை நெளிஞ்சிடும்."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. இரு வேறு கைகள் பட்டால் இழுப்பு மாறிக் கரை கோணும். தொடங்கிய கையே முடிக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம்.

அவள் தந்தை நிமிர்ந்தார். "கொயந்தைக்குக் கை நல்லா விழுதும்மா. அந்தத் தென்னேரி ஆளைவிட நல்லாவே இருக்குது."

அவள் சிரித்தாள்.

பாவு முடியும் வேளையில் மீண்டும் சென்றேன். முடிந்த பாவின் இழை நுனிகளைத் தறியிலேயே விட்டுவைத்து, அடுத்த பாவின் இழைகளை அவற்றோடு ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைத்துக்கொண்டிருந்தார்கள். தறி ஒருபோதும் வெறுமையாவதில்லை என்பதை அன்றுதான் அறிந்தேன். பிணைக்கும் கைகளில் அவளுடையவையும் இருந்தன.

"முடிஞ்சதும் வர்றேன்னியே?"

"அதுக்குள்ள இது ஏறிடுச்சே."

அவள் தாய் குறுக்கிட்டார். "அந்த ஆளு வாலாஜாபாத்து மில்லுல சேந்துட்டானாம். இனிமே யாரைத் தேடறது? நீ படிம்மா, உனக்கு இன்னா."

கையிலிருந்த இழையைப் பிணைத்துவிட்டு அவள் கேட்டாள்: "கணக்குல பெருக்குத் தொடர் முடிச்சிட்டாங்களா?"

"முடிச்சிட்டாங்க."

"கஷ்டமா?"

"அப்படியொண்ணும் இல்ல."

அவள் அடுத்த இழையை எடுத்து முறுக்கினாள். பெயர் கொடுக்கும் நாளும் கடந்தது. வகுப்பில் நெசவாளர் பிள்ளைகள் அமர்ந்த இடங்களுள் பல அவ்வாண்டு முழுதும் காலியாகவே கிடந்தன. நான் தேறிச் சென்னையில் கல்லூரிக்குப் போனேன்.

பள்ளிக்குத் திரும்ப வேண்டும் என்று அவள் தன் தந்தையிடம் ஒருமுறையேனும் கேட்டாளா என்பது எனக்குத் தெரியாது. பின்னாளில் அவள் அத்தேர்வை எழுதினாளா என்பதும் தெரியாது.